நடுக்கடலில் பிடிபட்ட கப்பல்கள்... கரையில் காத்திருந்த புதுச்சேரி! யார் இந்த ஆனந்தரங்கப் பிள்ளை?

காஞ்சிபுரத்துக்குக் கடல் கிடையாது. ஆனா, கடலில் தொடங்கிய ஒரு சண்டை அந்த ஊர் வரைக்கும் வந்து சேர்ந்தது. அந்தக் காலத்தைக் கிட்டத்தட்ட நாள் தவறாமல் எழுதி வைத்தவர்தான் ஆனந்தரங்கப் பிள்ளை.

1709-ல் சென்னை பெரம்பூரில் பிறந்தவர். பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரியில் வியாபாரியாக வளர்ந்தார். சொந்தமாகக் கப்பலே வைத்திருந்தார், பெயர் ஆனந்தப்புரவி. 1736-ல் நாட்குறிப்பு எழுத ஆரம்பித்தார்.

அன்றைய துணி வியாபாரம் எப்படி நடந்தது தெரியுமா? ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வெள்ளி வரும். வியாபாரிகள் வழியாக அது முன்பணமாக நெசவாளர் கைக்குப் போகும். துணி திரும்பக் கப்பலேறும். கப்பல் வரலைன்னா மொத்தச் சங்கிலியும் நின்றுவிடும்.

1744-ல் பிரிட்டனும் பிரான்ஸும் போரில் இறங்கின. கமடோர் பார்னெட் தலைமையில் ஆங்கிலேயப் போர்க்கப்பல்கள் இந்தப் பக்கம் வந்தன. 1745 ஜனவரியில், இன்றைய இந்தோனேசியாவின் பங்கா ஜலசந்தியில், டச்சுக் கப்பல் மாதிரி வேஷம் போட்டு, சீனாவிலிருந்து சரக்கோடு திரும்பிய 3 பிரெஞ்சுக் கப்பல்களைப் பிடித்தார்கள். பத்தேவியாவில் இருந்த டச்சுக்காரர்களிடம் சுமார் 92 ஆயிரம் பவுண்டுக்கு விற்றும் விட்டார்கள்.

இது கடற்கொள்ளை இல்லையா? சட்டப்படி இல்லை! போர்க்காலத்தில் எதிரி நாட்டு வணிகக் கப்பலைப் பிடித்தால் அதற்குப் பெயர் 'பிரைஸ்'. ஆங்கிலேயக் கடற்படை வழக்கப்படி விற்ற பணத்தில் எட்டில் மூன்று பங்கு கேப்டனுக்கு, அதில் ஒரு பங்கு அவருக்கு மேலுள்ள தளபதிக்கு. சாதாரண மாலுமிகள் எல்லாருக்கும் சேர்த்து கால் பங்குதான். பறிகொடுத்த வியாபாரிக்கு? ஒண்ணுமில்லை.

புதுச்சேரி கவர்னர் டூப்ளேயின் சொந்த முதலீடும் இப்படிப் போனது. கம்பெனிப் பணமும் தட்டுப்பாடு. இங்கே நமக்குள் சண்டை வேண்டாம் என்று அவர் முன்பே சென்னைக்கு எழுதிப் பார்த்திருந்தார். ஆனா, கடற்படை ராஜாவுடையது, அது கம்பெனிக்குக் கட்டுப்படாது என்று கைவிரித்து விட்டார்கள்.

1746 செப்டம்பரில் ஆட்டம் மாறியது. லா பூர்தொனே கப்பல்களோடு வந்து சென்னையையே பிடித்தார். 11 லட்சம் வராகன் வாங்கிக்கொண்டு ஊரைத் திருப்பித் தரலாம் என்பது அவர் கணக்கு. டூப்ளே ஒத்துக்கொள்ளவில்லை. இந்தச் சண்டைக்கு நடுவில் அக்டோபர் புயல் பிரெஞ்சுக் கப்பல்களை நொறுக்கியது. பிறந்த ஊரே பிணைப் பொருளானதைப் பிள்ளை புதுச்சேரியிலிருந்து எழுதிக்கொண்டிருந்தார். பிறகு டூப்ளேயின் தலைமை துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளரும் முகவரும் ஆனார்.

அடுத்தடுத்த போர்கள் தரையில். 1751-ல் காஞ்சிபுரம் கோயிலில் அரண் அமைத்திருந்த பிரெஞ்சுப் படையை கிளைவ் விரட்டினார். 1757-ல் கோயிலைப் பிடிக்க முடியாத பிரெஞ்சுக்காரர்கள் ஊருக்கே தீ வைத்தார்கள். எந்தக் கொடி ஜெயித்தாலும் வீடு எரிந்தது நம்ம ஆட்களுக்குத்தான்.

1761 ஜனவரியில் பிள்ளை இறந்தார். ஆங்கிலேயர் கடலையும் கரையையும் மறித்து முற்றுகையிட்டிருந்த நேரம். சில நாளிலேயே புதுச்சேரி வீழ்ந்தது. அவர் நாட்குறிப்பு 1846-ல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. அவர் மாளிகை புதுச்சேரியில் இன்னும் நிற்கிறது. பக்கத்திலேயே ரங்கப்பிள்ளை வீதியும் இருக்கு.