சிக்கனத் தலைவர் கூலிட்ஜ்

1923 ஆகஸ்டு 3. வெர்மான்ட் மாநிலத்துச் சிற்றூரான பிளிமத் நாட்சில் நள்ளிரவு கடந்த வேளை. தலைவர் ஹார்டிங் மறைந்த செய்தி எட்டியதும், மண்ணெண்ணெய் விளக்கொளியில் தந்தையே உறுதிமொழி செய்விக்க, துணைத் தலைவர் கால்வின் கூலிட்ஜ் அமெரிக்கக் குடியரசுத் தலைவரானார்.

அரசுச் செலவைக் காசு காசாய்க் கணக்குப் பார்த்தவர் அவர். வருமான வரியின் உச்ச விகிதம் 25 விழுக்காடாகக் குறைந்தது. நாட்டின் கடனும் குறைந்தது. ஆனால், விலை வீழ்ச்சியால் தவித்த உழவர்க்கு உதவும் மசோதாவை 1927லும் 1928லும் தடுத்துவிட்டார். விலையை அரசு தாங்கிப்பிடிப்பது தவறென்பது அவர் கொள்கை. உழவர் வீட்டுப் பிள்ளையான எனக்கு இவ்விடத்தில் மனம் ஒப்பவில்லை. நான் அரசு உதவித்தொகையில் படிப்பவன் வேறு!

செல்வாக்கு குன்றாத நிலையிலேயே, 1927 ஆகஸ்டு 2இல் செய்தியாளர்களிடம் துண்டுச்சீட்டுகளைக் கொடுத்து, அடுத்த தேர்தலில் நிற்கப்போவதில்லை என்று தெரிவித்தார். குடியரசுக் கட்சி ஹூவரை வேட்பாளராக்கியது. 1929இல் பதவிக்காலம் முடிந்ததும், நார்த்தாம்ப்டனில் முன்பு குடியிருந்த வாடகை வீட்டுக்கே திரும்பினார். அவ்வூரிலேயே 1933 ஜனவரி 5இல் காலமானார்.