வைட்டமின் தந்தவருக்கே மாரடைப்பு: சுப்பாராவ் கதை தெரியுமா?

அம்பத்தூர் ஓ.டி.யிலோ ஆவடி மார்க்கெட் பக்கமோ ஒரு மெடிக்கல் ஷாப். 'ஹார்ட்டுக்கு நல்லது'ன்னு யாரோ சொன்னாங்கன்னு பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை வாங்குறீங்க. அட்டையைத் திருப்பிப் பாருங்க, ஃபோலிக் ஆசிட்னு ஒரு பேர் இருக்கும். அந்த வைட்டமினை ஆய்வகத்தில் தயாரிச்ச குழுவோட தலைவர் நம்ம சென்னையில் படிச்சவர். பேர் எல்லப்ரகட சுப்பாராவ்.

1895-ல் பீமவரத்தில் பிறந்தார். அப்போ அது மெட்ராஸ் மாகாணம். மெட்ரிகுலேஷன்ல ரெண்டு தடவை ஃபெயில். மூணாவது தடவை, திருவல்லிக்கேணி இந்து ஹைஸ்கூல்ல படிச்சு பாஸ் ஆனார். மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் சேர்ந்தவர், காந்தியின் அழைப்பை ஏற்று கதர் உடுத்தினார். அது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கலை. எம்.பி.பி.எஸ் பட்டம் கிடைக்கலை. அதைவிடக் கீழான எல்.எம்.எஸ்தான் கிடைச்சது.

வீட்டில் இன்னொரு இடி. ஸ்ப்ரூன்னு ஒரு குடல் நோய்; சாப்பிடுற சத்து உடம்பில் ஒட்டாது, ஆள் தேய்ஞ்சே போயிடுவாங்க. அடுத்தடுத்து ரெண்டு சகோதரர்களை அது கொண்டுபோயிடுச்சு.

அமெரிக்காவின் ஹார்வர்டுக்குப் போனார். ராத்திரியில் ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலை, நோயாளிகளோட மலப்பாத்திரம் கழுவுற வேலை உட்பட. பகலில் ஆராய்ச்சி. தசைகளுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி-யைக் கண்டுபிடிச்சவர்களில் அவரும் ஒருத்தர். உங்க இதயம் இந்த நொடி துடிக்கிறதும் அந்த ஏ.டி.பி-யாலதான். ஆனாலும் ஹார்வர்டில் நிரந்தர வேலை கிடைக்கலை.

1940-ல் லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். 1945-ல் அவர் குழு ஃபோலிக் ஆசிட்டைச் செயற்கையா தயாரிச்சது. ஸ்ப்ரூ நோயாளிகள் அதனால் தேறினாங்க. யானைக்கால் நோய்க்கான மருந்தும் அவரோட ஆய்வகத்தில் இருந்து வந்ததுதான்.

1948 ஆகஸ்ட். நியூயார்க்கில் தூக்கத்திலேயே மாரடைப்பு. வயசு 53. ஊருக்குத் திரும்பவே இல்லை. தன் ஆண் குழந்தையைப் பார்த்ததும் இல்லை.

இனி உங்க மாத்திரை விஷயம். ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் அதிகமா இருக்கிறவங்களுக்கு மாரடைப்பும் அதிகம்னு கவனிச்சாங்க. ஃபோலிக் ஆசிட் அதைக் குறைக்கும். அப்போ மாரடைப்பும் குறையணுமே? 5,500-க்கும் மேற்பட்டோரில் பாதிப் பேருக்கு ஃபோலிக் ஆசிட், பி6, பி12 கொடுத்து சுமார் 5 வருஷம் பார்த்தாங்க. 2006-ல் முடிவு வந்தது. ஹோமோசிஸ்டீன் குறைஞ்சது, மாரடைப்பு குறையலை.

சுப்பாராவோட வைட்டமின், அது உடம்பில் குறைவா இருக்கிறவங்களுக்கு உயிர் காக்கும் மருந்து. கர்ப்பிணிகளுக்கு அவசியம், டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தா நிறுத்தாதீங்க. ஆனா ரத்தக்குழாய் அடைப்புக்கு அது கவசம் இல்லை. பி.பி, சுகர், கொலஸ்ட்ரால், சிகரெட்... கவனிக்க வேண்டியது இதையெல்லாம்தான். பி.பி-யும் சுகரும் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்த்துக்கலாம். நெஞ்சில் அழுத்தம், கை வலி, திடீர் வியர்வைன்னா வைட்டமின் டப்பாவைத் தேடாதீங்க. உடனே 108-க்கு போன் போடுங்க!