வட்டுத் தடை தந்த வல்லுநர் லான்செஸ்டர்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

நீராவி என்றதும் ஜேம்ஸ் வாட் நினைவுக்கு வருகிறார். இரயில் என்றதும் ஸ்டீபன்சன் வருகிறார். ஆகாய விமானம் என்றதும் ரைட் சகோதரர்கள் வருகிறார்கள். ஆனால் ஓடுகின்ற வண்டியை நிறுத்துவதற்கு வழி கண்டவர்கள் யார் என்று கேட்டால் நம்மில் பலர் விழிப்போம். ஓட்டுவதைவிட நிறுத்துவது எளிது என்ற எண்ணமே இதற்குக் காரணம் போலும். உண்மை அதுவன்று. 400 டன் எடையுள்ள ஓர் இரயில் மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 39 கோடியே 50 இலட்சம் ஜூல். அறை வெப்பத்தில் உள்ள 1,300 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். பிரேக்கை மட்டும் நம்பி வண்டியை நிறுத்தினால், இந்த ஆற்றல் முழுவதையும் பிரேக்குகள் ஒரு சில நிமிடங்களுக்குள் வெப்பமாக்கித் தாங்கிக் கொள்ள வேண்டும். இப்பெரும் பணியை இன்று விரைவு இரயில்களில் செய்து வருவது டிஸ்க் பிரேக் என்று நாம் வழங்கும் வட்டுத் தடை. அதற்கு 1902 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றவர் இங்கிலாந்து நாட்டு அறிஞர் பிரெடெரிக் வில்லியம் லான்செஸ்டர். அவருடைய வாழ்க்கை மாணவர்களாகிய நாம் அறிய வேண்டிய ஒன்று.

பிறப்பும் கல்வியும்

லான்செஸ்டர் 1868 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 23 ஆம் நாள் இலண்டனைச் சேர்ந்த லூயிஷம் என்னும் பகுதியில் பிறந்தார். தந்தையார் கட்டடக் கலைஞர். தாயார் இலத்தீனும் கணிதமும் கற்பித்தவர். எட்டுக் குழந்தைகளுள் இவர் நான்காமவர். சௌதாம்ப்டன் நகரில் ஹார்ட்லி கல்விக்கூடத்தில் பயின்ற பின், உதவித்தொகை பெற்று இலண்டன் கென்சிங்டனில் இருந்த அறிவியல் கல்லூரியில் சேர்ந்தார். அங்குப் பொறியியல் பயிற்சி போதாது என்று கண்டு, மாலை வேளைகளில் பின்ஸ்பரி தொழில்நுட்பக் கூடத்துக்கும் சென்று படித்தார். ஆனால் பட்டம் எதுவும் பெறாமலேயே கல்லூரியை விட்டு வெளியேறினார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குள் அடியெடுத்து வைத்த முதல் ஆள் நான். பட்டம் என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் உள்ள மதிப்பை எழுத்தில் சொல்லி முடியாது. ஆகவே இவருடைய வரலாற்றில் இப்பகுதி என்னைப் பெரிதும் சிந்திக்க வைத்தது. பட்டம் வேண்டியதில்லை என்பது இதன் பொருளன்று. அவருக்குக் கணிதம் அறிந்த தாய் இருந்தார். வரைபலகை முன் அமர்ந்து வேலை செய்யும் தந்தை இருந்தார். அத்தகைய வீடு வாய்க்காத நமக்குக் கல்லூரிதான் அந்த வீடு. எனினும் பட்டம் அறிவுக்கு வாயிலேயன்றி, அறிவின் எல்லை அன்று என்பதை அவர் வாழ்வு நன்கு உணர்த்துகிறது.

தொழிற்கூடத்தில்

1889 இல் பர்மிங்காம் நகரில் வாயு எஞ்சின் செய்யும் தொழிற்கூடம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். அவர் கண்டுபிடிக்கும் முன்னேற்றங்கள் எல்லாம் நிறுவனத்துக்கே உரியவை என்று வேலை ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது. இருபது வயது இளைஞரான லான்செஸ்டர் அந்த வரியை அடித்துவிட்டுத்தான் கையெழுத்திட்டார்! தம் அறிவின் மீது அவருக்கு இருந்த நம்பிக்கைக்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

1896 இல் அவர் செய்த முதல் மோட்டார் வண்டி சாலையில் ஓடியது. அக்காலத்து வண்டிகள் ஓடும்போது உடல் முழுவதும் குலுங்கும். லான்செஸ்டர் தம் எஞ்சினில் எதிரெதிர்த் திசைகளில் சுழலும் இரண்டு அச்சுகளை அமைத்தார். ஒன்றின் உதறலை மற்றொன்று சரிசெய்தது. அதிர்வு என்பது வண்டியோடு பிறந்த விதி என்று மற்றவர்கள் பொறுத்துக் கொண்டபோது, அது தீர்க்கத்தக்க ஒரு கணக்கு என்று அவர் கருதினார். 1899 இல் தம்பியருடன் சேர்ந்து சொந்தமாக மோட்டார் நிறுவனம் தொடங்கினார். வண்டிகள் சிறப்பானவை, கையிலிருந்த முதலோ குறைவு. 1904 இல் நிறுவனம் கடனில் மூழ்கிப் பிறகு புது அமைப்பாக மாற்றப்பட்டது.

வட்டுத் தடை

சைக்கிளில் பிரேக்கைப் பிடித்தால் இரண்டு கட்டைகள் இருபுறமும் வந்து ரிம்மைக் கவ்வுவதைப் பார்த்திருக்கிறோம். லான்செஸ்டரின் எண்ணமும் ஏறத்தாழ இதுவே. சக்கரத்துடன் சேர்ந்து சுழலும் மெல்லிய உலோக வட்டு ஒன்றை அமைத்து, அதன் விளிம்பை இருபுறமிருந்தும் கவ்வி நிறுத்துவது அவர் முறை. வட்டு திறந்த வெளியில் சுழல்வதால் காற்றுப்பட்டு விரைவில் குளிர்ந்துவிடும். வெப்பத்தை வெளியேற்றுவதே பிரேக்கின் முதல் கடமை என்பதால் இது மிக நல்ல அமைப்பாகும்.

ஆயினும் இம்முறை அன்று பரவவில்லை. கவ்வும் பகுதிக்கு ஏற்ற பொருள் அக்காலத்தில் இல்லை. செம்பைப் பயன்படுத்தினார்கள். புழுதிச் சாலைகளில் செம்பு விரைவில் தேய்ந்தது. அதைவிடப் பெரிய தொல்லை, உலோகம் உலோகத்தோடு உரசும்போது எழுந்த கிறீச்சொலி.

இந்த ஒலி ஏன் எழுகிறது? கரும்பலகையில் சுண்ணக்கட்டி கிறீச்சிடுவதும், வயலின் கம்பியில் வில் இழைவதும், பிரேக் கிறீச்சிடுவதும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. வழுக்கும் வேகம் குறையும்போது உராய்வு மிகுமானால், கட்டை வட்டோடு ஒட்டிச் சிறிது தூரம் இழுபட்டு, பிறகு விடுபட்டுத் திரும்பும், மீண்டும் ஒட்டும். நொடிக்கு ஆயிரம் முறைக்கும் மேல் இது நிகழலாம். உராய்வு மாறாமல் இருந்தாலும்கூட, வட்டின் இருவேறு அதிர்வுகள் நெருங்கிய அதிர்வெண் கொண்டிருந்தால் அவை கைகோத்துப் பெருகக் கூடும். வட்டு ஒரு வெண்கலத் தாம்பாளம் போல ஒலிக்கத் தொடங்கிவிடும். நம் காது நொடிக்கு 2,000 முதல் 5,000 வரையிலான அதிர்வுகளுக்கே மிகவும் கூர்மையானது. கிறீச்சொலி பெரும்பாலும் அதே எல்லைக்குள் வந்து விழுவதால்தான் அது நம்மை இவ்வளவு துன்புறுத்துகிறது.

இதற்கு மாற்று இன்னொருவரிடமிருந்து வந்தது. டெர்பிஷயர் பகுதியில் வாழ்ந்த ஹெர்பர்ட் புரூட், மலைச்சரிவில் இறங்கும் மாட்டுவண்டி, குதிரைவண்டிகளின் சக்கரத்தில் பழைய பூட்சுகளைக் கட்டித் தடை போடுவதைக் கண்டு, மென்மையான பொருளும் பிடிக்கும் என்று உணர்ந்தார். 1897 இல் தொழில் தொடங்கிய அவர், பத்து ஆண்டுகளுக்குப் பின் கல்நார் கலந்த உறைகளைச் செய்தார். ஒலி அடங்கியது, வெப்பமும் தாங்கியது. ஆனால் அந்த அமைதிக்கு மனிதகுலம் பெரிய விலை கொடுத்தது. கல்நார்த் தூசு நுரையீரலைத் தாக்கிப் புற்றுநோய் தரும் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 1999 இல் இங்கிலாந்து கல்நாரை அடியோடு தடை செய்தது. காதுக்கு இனியது மூச்சுக்கும் இனியதாக இருக்க வேண்டும் என்ற பாடத்தை அறிவியல் காலம் கடந்துதான் கற்றது.

அதிர்வை அடக்கியவர்

ஒலிக்கும் தாம்பாளத்தின் மேல் விரலை வைத்தால் ஒலி அடங்கிவிடும். விரல் அதிர்வின் ஆற்றலை வாங்கிக் கொள்கிறது. இந்தத் தத்துவத்தை எஞ்சினுக்குக் கொண்டுவந்த பெருமை லான்செஸ்டருக்கு உண்டு. 1909 இல் அவர் டெய்ம்லர் நிறுவனத்துக்கு ஆலோசகரானார். நீண்ட எஞ்சின் அச்சுகள் கயிறு போல முறுக்கிக் கொண்டு அதிர்வதை நிறுத்த, அச்சின் முனையில் ஒரு சிறு சுழல்சக்கரத்தை எண்ணெயில் தோய்ந்த தகடுகளின் வழியாக இணைத்தார். அச்சு உதறினால் தகடுகள் வழுக்கி அந்த உதறலை வெப்பமாக்கிவிடும். நான்கு உருளை எஞ்சின்களுக்கு இருமடங்கு வேகத்தில் எதிரெதிராகச் சுழலும் சமன் அச்சுகளையும் வகுத்துத் தந்தார். இவ்விரண்டும் இன்றும் மோட்டார் வண்டிகளில் வழங்கி வருகின்றன. உராய்வினால் பிறக்கும் ஒலியை உராய்வைக் கொண்டே அடக்கலாம் என்பது எவ்வளவு அழகான உண்மை!

வானூர்தி இயலிலும் அவர் முன்னோடி. இறக்கை காற்றில் மேலெழும்பும் விதத்தைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையை 1897 இல் இலண்டன் அறிஞர்கள் வெளியிட ஏற்கவில்லை. அவர் சோர்ந்துவிடவில்லை. 1907 இலும் 1908 இலும் இரண்டு பெரு நூல்களாக வெளியிட்டார். இறக்கைக் கொள்கை இன்று ஜெர்மானிய அறிஞர் பிராண்டில் பெயரோடு இவர் பெயரையும் சேர்த்தே வழங்கப்படுகிறது. பட்டம் பெறாத இவருக்கு 1919 இல் பர்மிங்காம் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் அளித்தது. 1922 இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார்.

இரயிலில் வட்டுத் தடை

லான்செஸ்டரின் எண்ணம் இரயிலுக்கு வந்தபோது அவர் உயிரோடுதான் இருந்தார். 1939 இல் அமெரிக்காவில் ஓடத் தொடங்கிய ஜெனரல் பெர்ஷிங் செபிர் என்னும் இரயிலில் வட்டுத் தடை பொருத்தப்பட்டது. 1964 இல் ஜப்பானின் அதிவேக இரயில் அதனைக் கொண்டே ஓடியது. நம் நாட்டில் 2000 ஆம் ஆண்டில் வந்த எல்.எச்.பி. பெட்டிகளின் அச்சுகளிலும் அதுவே உள்ளது. பெரம்பூர் ஐ.சி.எப். தொழிற்சாலையும் இவ்வகைப் பெட்டிகளைச் செய்கிறது.

பழைய முறையில் வார்ப்பிரும்புக் கட்டை நேரே சக்கரத்தின் மீது அழுந்தும். அதனால் சக்கரத்தின் ஓடுபரப்பு சொரசொரப்பாகி, வண்டி ஓடும்போதெல்லாம் இரைச்சல் மிகும். வட்டுத் தடை சக்கரத்தைத் தொடுவதில்லை. ஆகவே ஓடும் இரைச்சல் குறைந்தது. ஆனால் நிலையத்துக்குள் நுழையும் வேளையில் பழைய கிறீச்சொலி மீண்டும் தலைகாட்டியது. மிகு வேகத்தின் வெப்பத்தைப் பிசின் கலந்த கட்டைகள் தாங்கா. உலோகத் தூளை அழுத்திச் சுட்டுச் செய்த கட்டைகள் தாங்கும். ஆனால் அவை கூடுதலாகக் கிறீச்சிடும். லான்செஸ்டரின் செம்பு வேறு உருவில் திரும்பி வந்துவிட்டது எனலாம்!

இதற்குப் பொறியாளர்கள் பல வழிகளைக் கையாளுகிறார்கள். ஒரே பெரிய கட்டைக்கு மாறாகச் சிறுசிறு வில்லைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் தனித்தனியே அசைந்து கொடுக்குமாறு பொருத்துகிறார்கள். கட்டையின் பின்னால் அதிர்வை உறிஞ்சும் அடுக்கு வைக்கிறார்கள். சக்கரத்தில் காடி வெட்டி எஃகு வளையம் பதித்து, அது உரசி அதிர்வைத் தின்னுமாறு செய்வதும் உண்டு. இவற்றில் எல்லாம் லான்செஸ்டர் காட்டிய அந்த ஒரே வழிதான் தெரிகிறது: அதிர்வு பெருக இடம் கொடாதே, பிறந்த அதிர்வை வெப்பமாக்கி விடு.

இறுதி நாட்கள்

1925 இல் சொந்தமாக ஓர் ஆய்வுக்கூடம் அமைத்து ஒலிபெருக்கிகள் செய்தார். அதுவும் நிலைக்கவில்லை. நடுக்குவாத நோய் பற்றியது, கண்பார்வையும் மங்கியது. பரிசுகள் வந்தன, பணம் வரவில்லை. அதிர்வை அடக்கிய அந்தக் கைகள் நடுங்கியதை நினைத்தால் நெஞ்சம் கலங்குகிறது. 1946 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 8 ஆம் நாள் வறுமையிலேயே பர்மிங்காமில் காலமானார். ஏழு ஆண்டுகள் கழித்து, 1953 இல் பிரான்சில் நடந்த லே மான் 24 மணி நேரக் கார்ப் பந்தயத்தில் வட்டுத் தடை பொருத்திய ஜாகுவார் கார் வென்றது. அதன் பிறகே உலகம் அவர் எண்ணத்தின் அருமையை முழுதாக உணர்ந்தது.

முடிவுரை

நல்ல எண்ணம் மட்டும் போதாது. அதற்கேற்ற பொருளும் வேண்டும் என்பதே லான்செஸ்டர் வாழ்வு தரும் பாடம். எந்திரம் வரைபவரும், பொருளை ஆக்கும் வேதியியலாரும், அதிர்வைக் கணக்கிடும் இயற்பியலாரும் ஒன்று கூடினால்தான் ஓசையற்ற ஒரு பிரேக் கட்டை பிறக்கும். கிறீச்சொலி இன்னும் முழுவதும் தீர்ந்துவிடவில்லை. அதன் அருகில் குடியிருப்பவர்களும், நடைமேடையில் நாள் முழுதும் உழைப்பவர்களும் அதைத் தாங்கிக் கொண்டுதான் இருக்கிறார்கள். நம் ஆய்வுக்கூடத்தில் இசைக்கவையைத் தட்டி ஒத்ததிர்வு காணும் நாம், அது தேர்வுக்கான சோதனை மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. 1902 இல் தொடங்கிய ஒரு வேலையின் எஞ்சிய பகுதி நம் கைக்காகக் காத்திருக்கிறது.