சிட் பாரட்: விட்டுச்சென்ற நண்பர்களே கைகொடுத்த கதை

பிங்க் ஃபிளாய்ட் இசைக்குழுவை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் அந்தப் பெயர் போட்ட டி-ஷர்ட்கூட இருக்கலாம். அந்தப் பெயரை வைத்தவர் சிட் பாரட். 1946-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பிறந்தவர், இயற்பெயர் ரோஜர். ஓவியம் படிக்க லண்டன் வந்தவர், நண்பர்களோடு சேர்ந்து பாடத் தொடங்கினார். 1967-இல் வந்த குழுவின் முதல் ஆல்பத்தில் பெரும்பாலான பாடல்கள் அவர் எழுதியவை.

புகழ் வந்த அதே வருடம் மனம் தடுமாறத் தொடங்கியது. எல்.எஸ்.டி. என்ற போதைப்பொருள் பழக்கமும் சேர்ந்துகொண்டது. மேடையில் பாடாமல் நின்றுவிடுவார். சமாளிப்பதற்காக, கேம்பிரிட்ஜ் நண்பர் டேவிட் கில்மோரைக் குழுவில் சேர்த்தார்கள். 1968 ஜனவரியில் ஒரு நாள், கச்சேரிக்குப் புறப்பட்ட வண்டி சிட்டை ஏற்றிக்கொள்ளப் போகவில்லை. அத்தோடு அவருடைய குழு வாழ்க்கை முடிந்தது.

அவர் தனியாக ஓர் ஆல்பம் பதிவு செய்ய ஆரம்பித்தார். ஒரே பாட்டை ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகப் பாடுவார். தாளம் எங்கே மாறும் என்று யாருக்கும் தெரியாது. உடன் வாசித்தவர்கள் அவர் போக்குக்கே போக வேண்டியிருந்தது. வேலை நின்று, தொடங்கி, மறுபடி இழுத்தது. 1969-இல் அதை முடித்துக் கொடுத்தவர்கள் யார் தெரியுமா? அவரை விட்டுச்சென்ற அதே கில்மோரும் ரோஜர் வாட்டர்ஸும்தான். சொந்தக் குழுவின் வேலைகளுக்கு நடுவே நேரம் ஒதுக்கினார்கள். 'தி மேட்கேப் லாஃப்ஸ்' 1970 ஜனவரியில் வெளியானது. அவர் தடுமாறி நிறுத்தித் திரும்பப் பாடுவதும் அதில் அப்படியே இருக்கிறது. கேட்டுப் பாருங்கள், சில இடங்களில் மனம் கனக்கும்.

அதே ஆண்டு இன்னொரு ஆல்பம் வந்தது. பிறகு மெல்ல ஒதுங்கினார். 1975-இல், தன்னை நினைத்து நண்பர்கள் எழுதிய பாட்டைப் பதிவு செய்துகொண்டிருந்த ஸ்டுடியோவுக்குத் திடீரென்று வந்தார். தலையும் புருவமும் மழித்து, உடல் பருத்திருந்த அவரை முதலில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

அதன்பின் கேம்பிரிட்ஜ் திரும்பி, பழையபடி ரோஜராக வாழ்ந்தார். தோட்டம், ஓவியம், சைக்கிள், கடைவீதி. ரசிகர்களும் பத்திரிகைக்காரர்களும் கதவைத் தட்டியபோதெல்லாம் அவர் விரும்பியது ஒன்றுதான்: தனிமை. பாடல்களுக்கான ராயல்டி அவருக்கு ஒழுங்காகப் போய்ச் சேரும்படி கில்மோர் பார்த்துக்கொண்டார். 2006 ஜூலையில், 60 வயதில் காலமானார்.

நம் குடியிருப்பிலும் பேச விரும்பாத ஒருவர் இருக்கலாம். லிஃப்டில் பார்த்தால் ஒரு புன்னகை போதும். கேள்விகள் வேண்டாம். அவருக்கு உதவி தேவைப்படும் நாளில் நாம் பக்கத்தில் இருந்தால் சரி.