கூலி வாங்காமல் உழைத்த கேப்டன்

பந்து விளையாட்டு என்றால் நமக்கு முதலில் ஞாபகத்துக்கு வருவது காற்பந்துதான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திடலில் பந்து உருண்டால் வயசான கங்காணி முதல் பள்ளிக்கூடப் பிள்ளை வரை கோட்டோரம் வந்து நின்றுவிடுவார்கள். ரக்பி நமக்கு அவ்வளவு பழக்கமில்லை. முட்டை மாதிரி நீண்ட பந்து; காலால் உதைக்கலாம், கையில் தூக்கிக்கொண்டும் ஓடலாம். கையால் எறிந்தால் மட்டும் முன்பக்கம் எறியக் கூடாது. ஒரு பக்கத்துக்குப் பதினைந்து பேர். அந்த ஆட்டத்தில் நியூசிலாந்தின் பெயரை உலகம் முழுக்கப் பரப்பியவர் ஒரு தொழிலாளி. பெயர் டேவ் கல்லஹர். அவர் ஆடிய காலத்தைப் பலரும் பேசுவார்கள். ஆடி ஓய்ந்த பிறகு பத்து வருஷம் ஆட்டத்துக்காகக் கூலியில்லாமல் உழைத்ததைத்தான் நாம் இன்றைக்கு முக்கியமாகப் பார்க்கப் போகிறோம்.

கல்லஹர் பிறந்தது நியூசிலாந்தில் அல்ல. அயர்லாந்தில், டோனிகால் மாவட்டத்து ரமெல்டன் என்ற சின்ன ஊரில், 1873 அக்டோபர் 30-ஆம் தேதி. அப்பா கடை வைத்திருந்தவர். பெரிய குடும்பம், பிள்ளைகள் நிறைய. 1878-இல் இவர்கள் கப்பலேறி நியூசிலாந்தின் காட்டிகாட்டி என்ற புதுக் குடியேற்றத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். நல்ல நிலம் கிடைக்கும், நல்லா வாழலாம் என்ற நம்பிக்கையில் போனவர்கள்தான். போய்ப் பார்த்தால் நிலம் லேசில் வசப்படுகிற நிலமாக இல்லை. விவசாயத்தை நம்பி வயிறு நிரம்பவில்லை. அம்மா மரியா பள்ளிக்கூட ஆசிரியை வேலைக்குப் போனார். வாரம் இரண்டு பவுன் சம்பளம். அந்தச் சம்பளத்தில்தான் குடும்பம் ஓடியது. கடல் கடந்து பிழைக்கப் போன குடும்பத்தின் கதை நமக்குப் புதுசா என்ன?

அந்தத் தாயும் நீண்ட நாள் இருக்கவில்லை. நோயில் விழுந்து 1887-இல் கண்ணை மூடினார். டேவ் 13 வயசிலேயே பள்ளிக்கூடத்தை விட்டு வேலைக்குப் போனார். பிறகு ஆக்லாந்து நகரத்துக்கு வந்து, முதலில் மாவு மில்லில் வேலை. அப்புறம் இறைச்சியைக் குளிரூட்டிப் பதப்படுத்தும் கம்பெனியில் சேர்ந்தார். முழு ஆட்டுடலைத் தோளில் தூக்கிச் சுமக்கிற வேலை. உடம்பு இரும்பாக முறுகியது அந்தச் சுமையில்தான். நாளடைவில் அங்கேயே போர்மேன் ஆனார். நம்ம பாஷையில் சொன்னால் மண்டோர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1895-இல் ஆக்லாந்தின் பொன்சன்பி ரக்பி கிளப்பில் சேர்ந்தார். அடுத்த வருஷமே ஆக்லாந்து மாநில அணியில் இடம் கிடைத்தது. 1901-இல் தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போருக்குப் போய்த் திரும்பி வந்தார். ராணுவத்தில் சேரும்போது வயசில் மூன்றைக் குறைத்துச் சொல்லியிருந்தார். இந்த விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேண்டியிருக்கும். 1903-இல் நியூசிலாந்து முதன்முதலாக ஆஸ்திரேலியாவோடு மோதிய டெஸ்ட் ஆட்டத்தில் இவரும் ஆடினார். நியூசிலாந்து 22-க்கு 3 என்று ஜெயித்தது.

1905-இல் நியூசிலாந்து அணி பிரிட்டனுக்குப் புறப்பட்டது. கல்லஹரைக் கேப்டனாகச் சங்கம் நியமித்தது. கப்பலிலேயே சச்சரவு கிளம்பிவிட்டது. தெற்கு மாநிலத்து ஆட்டக்காரர்கள் சிலருக்கு இந்த நியமனம் பிடிக்கவில்லை. சங்கம் மேலிருந்து கேப்டனைத் திணிப்பதா, ஆடுகிறவர்கள் அல்லவா தேர்ந்தெடுக்க வேண்டும் என்று முணுமுணுப்பு. கல்லஹர் என்ன செய்தார் தெரியுமா? அதட்டவில்லை, மிரட்டவில்லை. பதவியை விட்டு விலகுகிறேன் என்றார். துணைக் கேப்டன் பில்லி ஸ்டெட்டும் அப்படியே சொன்னார். ஓட்டுக்கு விட்டார்கள். 17 பேர் அவர்கள் பக்கம், 12 பேர் எதிர்ப்பக்கம். பதவி நிலைத்தது. ஆனால் பன்னிரண்டு பேர் வேண்டாம் என்ற ஒரு கூட்டத்தைத்தான் அவர் கட்டி மேய்க்க வேண்டியிருந்தது.

கட்டி மேய்த்தார். முதல் ஆட்டத்தில் டெவன் அணியை 55-க்கு 4 என்று அடித்தார்கள். இது இப்படி இருக்க முடியாது என்று நினைத்து, டெவன்தான் ஜெயித்தது என்று மாற்றிப் போட்ட பத்திரிகைகளும் உண்டு. ஆல் பிளாக்ஸ் என்ற பெயர் ஊரெங்கும் பரவியது அந்தப் பயணத்தில்தான். மொத்தம் 35 ஆட்டம், 34 வெற்றி. தோற்ற ஒரே ஆட்டம் 1905 டிசம்பர் 16-இல் கார்டிப் நகரில் வேல்ஸ் அணியோடு. 3-க்கு 0. அந்த ஆட்டத்தில் நியூசிலாந்தின் பாப் டீன்ஸ் கோட்டைத் தொட்டாரா இல்லையா என்று நூறு வருஷம் தாண்டியும் வாதாடுகிறார்கள். கல்லஹர் தோல்வியை முகம் கோணாமல் ஏற்றுக்கொண்டார்.

அவருக்கு வேறொரு சோதனையும் இருந்தது. குவியலாக நின்று முட்டித் தள்ளும் ஸ்கிரம் என்ற கட்டத்தில் அவர் வெளியே நின்று பந்தை உள்ளே விடுவார். விட்டுவிட்டு எதிரியின் வழியில் நிற்பார். இது அழுகுணி ஆட்டம் என்று இங்கிலாந்துப் பத்திரிகைகள் சாடின. கூட்டம் கூச்சல் போட்டது. நடுவர் ஊதிக்கொண்டே இருந்தார். அத்தனையையும் கேட்டுக்கொண்டுதான் அவர் ஆடினார்.

இப்போது காசு விஷயத்துக்கு வருவோம். அந்தக் காலத்து ரக்பியில் ஆடுகிறவனுக்குச் சம்பளம் கிடையாது. வாங்கினால் ஆயுளுக்கும் தடை. அந்தப் பயணத்தில் கைச்செலவுக்கு நாளொன்றுக்கு 3 ஷில்லிங் கொடுத்தார்கள். மாதக்கணக்கில் வேலையை விட்டு வந்தவர்களுக்கு அது எம்மாத்திரம்? சங்கத்துக்கோ அந்தப் பயணத்தில் ஆயிரக்கணக்கான பவுன் லாபம். கூட்டம் கொடுத்த காசு எங்கே போகிறது என்று ஆட்டக்காரர்கள் கேட்டது நியாயமான கேள்வி. 1907-இல் அந்த அணியிலிருந்து நான்கு பேர், சம்பளம் கிடைக்கும் ரக்பி லீக் ஆட்டத்துக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு மனசு வராது. உழைக்கிறவனுக்குத்தான் உழைப்பின் விலை தெரியும்.

கல்லஹர் போகவில்லை. 1906-இல் கல்யாணம், மனைவி நெல்லி, கூட ஆடிய ஆர்தர் பிரான்சிஸின் தங்கை. 1908-இல் நோரா என்று ஒரு பெண் குழந்தை. இறைச்சிக் கம்பெனி வேலை தொடர்ந்தது. வேலை போக மிச்ச நேரம் ஆட்டத்துக்கு. 1906 முதல் 1916 வரை ஆக்லாந்து அணியின் ஒரே தேர்வாளர் அவர்தான். பயிற்சியும் அவர் பொறுப்பு. ஒரே தேர்வாளர் என்றால் லேசான விஷயமா? யாரைச் சேர்த்தாலும் ஏன் சேர்த்தாய் என்பான் ஒருத்தன். யாரை விட்டாலும் ஏன் விட்டாய் என்பான் இன்னொருத்தன். கமிட்டி முடிவு என்று கையைக் காட்டித் தப்பிக்க முடியாது. அந்தப் பத்து வருஷத்தில் ஆக்லாந்து 65 ஆட்டம் ஆடி 48 ஜெயித்தது. 1907 முதல் 1914 வரை நியூசிலாந்து அணிக்கும் தேர்வாளர்களில் ஒருவராக இருந்தார். அந்தக் காலத்து 50 ஆட்டத்தில் நியூசிலாந்து தோற்றது நான்கே நான்கு.

1909-இல் ஒரு வேடிக்கை. ஆக்லாந்து ஆட்டக்காரர்கள் பலருக்கு அடிபட்டு, மனியபோட்டோ அணியோடு ஆட ஆள் பற்றவில்லை. முப்பத்தைந்து வயசுத் தேர்வாளர் தானே சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். 8-க்கு 5 என்று தோற்றும் போனார்கள். ஆள் இல்லை என்றால் தானே நிற்பது, அதுதான் அவர் குணம்.

அந்தக் குணமே அவரைக் கடைசியில் கொண்டுபோனது. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. வயசின் காரணமாக அவரைக் கட்டாயப்படுத்த யாருக்கும் அதிகாரம் இல்லை. ஆனாலும் 1916 மே மாதம் தானாகவே பெயர் கொடுத்தார். அழைப்புக்குக் காத்திருந்தபோது, ஜூன் 3-இல் பிரான்சில் தம்பி டக்ளஸ் கொல்லப்பட்ட செய்தி வந்தது. தம்பிக்காகப் பழிவாங்கப் போனார் என்று ஒரு கதை உண்டு. தேதியைப் பார்த்தால் அது சரியில்லை; தம்பி சாவதற்கு முன்பே முடிவு எடுத்துவிட்டார். 1917 அக்டோபர் 4-ஆம் தேதி பெல்ஜியத்தில், பாஷண்டேல் போரில், குண்டுச் சிதறல் முகத்தில் பட்டு விழுந்தார். அன்றைக்கே உயிர் பிரிந்தது. பொபரிங்கே ஊருக்குப் பக்கத்தில் நைன் எல்ம்ஸ் இடுகாட்டில் புதைத்தார்கள். கல்லறையில் வயது 41 என்று இருக்கிறது. உண்மையில் 44-க்கு இன்னும் சில நாளே பாக்கி. போயர் போருக்குப் போகக் குறைத்துச் சொன்ன வயசு இங்கேயும் கூடவே வந்துவிட்டது. அடுத்த வருஷம் ஏப்ரலில் இன்னொரு தம்பி ஹென்றியும் பிரான்சில் செத்தார்.

வீட்டில் நெல்லியும் ஒன்பது வயசு நோராவும். பேரும் புகழும் அவர்களுக்கு அப்பாவைத் திருப்பிக் கொடுக்கவில்லை. இதையும் நாம் மறக்கக் கூடாது.

1922 முதல் ஆக்லாந்துக் கிளப்புகளுக்குள் நடக்கும் போட்டியின் கேடயத்துக்கு அவர் பெயர். அதை மிக அதிகமாக ஜெயித்தது அவருடைய பொன்சன்பி கிளப்தான். 2000 முதல் நியூசிலாந்தும் பிரான்சும் ஆடும் கோப்பைக்கு அவர் பெயர். பிறந்த மாவட்டத்தில், லெட்டர்கென்னி கிளப்பின் திடல் 2005 முதல் டேவ் கல்லஹர் திடல். 2011-இல் ஆக்லாந்தின் ஈடன் பார்க் வாசலில் சிலை வைத்தார்கள்.

நம்ம பக்கத்திலும் இப்படி ஆள் இருப்பார். கோட்டுக்குச் சுண்ணாம்பு போடுகிறவர், பந்துக்குக் காற்றடிக்கிறவர், பிள்ளைகளை லோரியில் ஏற்றிப் பத்திரமாகக் கொண்டுவந்து வீட்டில் சேர்க்கிறவர். சிலை அவருக்கு யாரும் வைக்கப் போவதில்லை. அடுத்த ஆட்டத்தன்றைக்கு அவருக்கு ஒரு காப்பி வாங்கிக் கொடுங்கள். இந்த வாரம் சுண்ணாம்பு வாளியை நான் தூக்கறேண்ணே என்று கேளுங்கள். அவர் ஒரு நாளாவது கோட்டோரம் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கட்டும்.