இலக்கண ஆசான் லிண்ட்லி மர்ரே

தமிழில் 'உயரம்' என்னும் சொல் யாரோடு ஒப்பிட்டாலும் மாறுவதில்லை. 'தம்பியைவிட உயரம்', 'எல்லாரையும்விட உயரம்' என்று பக்கத்துச் சொல்லே ஒப்பிடும் வேலையைச் செய்துவிடுகிறது. ஆங்கிலத்திலோ அடைமொழியே உருமாறுகிறது: டால், டாலர், டாலஸ்ட். நீண்ட சொல்லானால் 'மோர்', 'மோஸ்ட்' என்பவை முன்னே வந்து நிற்கும். இரண்டையும் சேர்த்து 'மோர் டாலர்' என்று எழுதிச் சிவப்பு மைக்கோடு வாங்காதவர் நம்மில் எத்தனை பேர்? அந்தக் கோட்டுக்குரிய விதியை நாடெங்கும் பள்ளிப் பாடமாக்கியவர்களுள் முதன்மையானவர் லிண்ட்லி மர்ரே.

ஆங்கிலேயருக்கு இலக்கணம் கற்பித்த இவர் பிறந்தது அமெரிக்காவில். 1745ஆம் ஆண்டு பென்சில்வேனியாவில், குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்தில் தோன்றினார். தந்தை வணிகர். மகனும் வணிகராக வேண்டும் என்பது அவர் விருப்பம். மகனுக்கோ படிப்பில் நாட்டம். ஒருமுறை தந்தை தண்டித்தபோது வீட்டை விட்டு வெளியேறி, நியூ ஜெர்சியில் ஒரு விடுதிப் பள்ளியில் தாமே போய்ச் சேர்ந்தார். பின்னர்ச் சட்டம் பயின்று நியூயார்க்கில் வழக்கறிஞரானார். அமெரிக்க விடுதலைப் போர்க் காலத்தில் வணிகத்தில் இறங்கிப் பெரும்பொருள் ஈட்டினார்.

செல்வம் சேர்ந்தது, உடல் தளர்ந்தது. தசைகள் வலுவிழந்தன. நலம் நாடி 1784இல் மனைவியுடன் இங்கிலாந்து சென்று, யார்க் நகரை அடுத்த ஹோல்கேட் என்னும் சிற்றூரில் குடியேறினார். நலம் திரும்பவில்லை. நடை குறைந்து குறைந்து, இருக்கையே வாழ்க்கையாயிற்று. கடைசிப் பல ஆண்டுகள் வீட்டுக்குள்ளேயே கழிந்தன.

அந்த நிலையில்தான் யார்க்கில் இருந்த ஒரு பெண்கள் பள்ளியின் ஆசிரியைகள், தம் மாணவியருக்கு எளிய இலக்கண நூல் ஒன்று வேண்டும் என்று அவரைக் கேட்டனர். 1795இல் அவருடைய ஆங்கில இலக்கணம் வெளிவந்தது. அதைத் தம் கண்டுபிடிப்பு என்று அவர் சொல்லிக்கொள்ளவில்லை. தொகுப்பு என்றே கூறினார். 1762இல் ராபர்ட் லௌத் எழுதிய இலக்கணத்திலிருந்து நிறைய எடுத்துக்கொண்டிருந்தார். ஆனால், சிதறிக் கிடந்ததை மாணவர் கைக்கு எட்டுமாறு வரிசைப்படுத்தித் தந்தது அவருடைய உழைப்பு.

1797இல் பயிற்சி நூல் ஒன்றையும், அதற்கு விடை நூலையும் வெளியிட்டார். பிழையான வாக்கியங்களை அடுக்கித் தந்து, மாணவரையே திருத்தச் சொல்லும் முறை அதில் இருந்தது. இன்று நாம் தேர்வில் எழுதும் 'பிழை திருத்துக' அந்த வழியில் வந்ததே.

இரட்டை ஒப்பீடு கூடாது என்பது அவர் விதி. 'பெர்ஃபெக்ட்' போன்று தன்னிலேயே முழுமை குறிக்கும் சொல்லுக்கு 'மோர்' சேர்க்கலாகாது என்பது மற்றொன்று. இங்கேதான் சிக்கல். ஷேக்ஸ்பியர் தம் ஜூலியஸ் சீசர் நாடகத்தில், 'எஸ்ட்' விகுதி பெற்ற சொல்லுக்கு முன்னும் 'மோஸ்ட்' சேர்த்திருக்கிறார். 1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியல் சட்டத்தின் முகவுரையோ 'பெர்ஃபெக்ட்' என்பதற்கு முன்னே 'மோர்' என்று எழுதுகிறது. மர்ரேயின் விதிப்படி இரண்டும் பிழை! ஷேக்ஸ்பியர் காலத்தில் இரட்டை ஒப்பீடு அழுத்தம் தரும் வழக்காக இருந்தது. வழக்கு முந்தியது, விதி பிந்தியது என்பதை நாம் மறக்கலாகாது. ஆயினும் பிறமொழியாளராகிய நமக்கு, நடக்கப் பழகும்வரை விதி ஊன்றுகோல்.

மர்ரேயின் நூல்கள் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கோடிக்கு மேற்பட்ட படிகள் விற்றன என்று மதிப்பிடுகின்றனர். நூல் வருவாயை அவர் அறப்பணிகளுக்கே வழங்கினார். 1826இல் மறைந்தார். அவர் தோட்டத்தில் இருந்த சிறு கோடை இல்லம் இன்று யார்க்கில் ஒரு பெண்கள் பள்ளி வளாகத்தில் நிற்கிறது. மாணவியருக்காக எழுதியவருக்கு அதைவிடப் பொருத்தமான நினைவிடம் வேறு எது?

நண்பர்களே, அடுத்த முறை விடைத்தாளில் 'மோர் பெட்டர்' என்பதன்மேல் சிவப்புக் கோடு விழுந்தால் சலித்துக்கொள்ளாதீர்கள். எழுந்து நடக்க இயலாத நிலையிலும் பிறர் பிழையின்றி எழுத வழி செய்த ஒருவரை அப்போது நினைத்துக்கொள்ளுங்கள்.