குருதி ஓடும் பாலம்

உடலின் ஓரிடத்துத் தோலைக் கொழுப்போடு எடுத்து மற்றோரிடத்தில் பொருத்தலாம். ஆனால், அதற்குள் குருதி ஓடாவிடில் அது கருகி அழியும். இவ்வுண்மையின்மீது தம் மருத்துவப் பணியை எழுப்பியவர் ஹெரால்ட் கில்லீஸ்.

இவர் 1882ஆம் ஆண்டு நியூசிலாந்தின் டுனெடின் நகரில் பிறந்தார். இங்கிலாந்தில் பயின்று காது, மூக்கு, தொண்டை மருத்துவரானார். முதல் உலகப்போரின்போது பிரான்சில் பணியாற்றச் சென்றவர், முகம் சிதைந்த வீரர்களைக் கண்டார். உயிர் பிழைத்தும் உற்றாரைக் காண நாணிய அவர்களுக்காக, 1916இல் ஆல்டர்ஷாட் படை மருத்துவமனையில் தனிப்பிரிவைத் தொடங்கினார். அவ்வாண்டு நிகழ்ந்த சோம் போரில் காயமுற்றோர் வெள்ளமெனத் திரண்டனர். 1917இல் சிட்கப்பில் அவர்களுக்கெனத் தனி மருத்துவமனையே எழுந்தது.

தோலை முழுதும் அறுத்தெடுக்காமல், ஒரு முனையை உடலோடு ஒட்டியிருக்கவிட்டு மூக்கைச் சீரமைக்கும் முறையைப் பண்டைய இந்தியாவில் சுசுருதர் விளக்கியிருந்தார். ஒட்டியுள்ள முனை வழியே குருதி பாயும். எனினும், அத்தகைய தோல்மடலின் அடிப்புறம் திறந்த புண்ணாக இருப்பதால் கிருமிகள் எளிதில் தொற்றின. 1917இல் தீக்காயமுற்ற மாலுமி ஒருவருக்கு அறுவை செய்கையில், மார்பிலிருந்து உயர்த்திய மடலின் ஓரங்கள் உட்புறமாகச் சுருள்வதைக் கில்லீஸ் கண்டார். உடனே இரு ஓரங்களையும் சேர்த்துத் தைத்துக் குழாயாக்கினார். குருதி நாளங்கள் உள்ளே காக்கப்பட்டன. ஏறத்தாழ அதே காலத்தில், ஒடெசாவில் ஃபிலாத்தவ் என்னும் மருத்துவரும் இம்முறையைத் தனியே கண்டறிந்திருந்தார்.

வயிற்றுத் தோலும் இவ்வாறு பயன்பட்டது. குழாயின் ஒரு முனையை மணிக்கட்டில் தைப்பர். அங்குப் புதிய நாளங்கள் வளர்ந்தபின், மறுமுனையை வயிற்றிலிருந்து விடுவித்து, கையை உயர்த்தி முகத்தில் பொருத்துவர். நோயாளியின் கையே குருதி கடக்கும் பாலமாயிற்று.

1918இல் முகம் எரிந்த இளம் விமானி ஒருவருக்குப் பெரிய மார்புத் தோற்பரப்பை ஒரே முறையில் மாற்றினார். தோல் அழுகியது, விமானி இறந்தார். அவ்விழப்பு கில்லீஸை வருத்தியது. அதன்பின், பெரும் பணிகளைச் சிறுசிறு கட்டங்களாகப் பிரித்து, குருதியோட்டம் நிலைபெறும்வரை காத்திருப்பதை நெறியாகக் கொண்டார்.

1930இல் சர் பட்டம் பெற்ற அவர், 1960இல் மறைந்தார். இன்று மருத்துவர்கள் அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் அவற்றுக்குரிய தமனி, சிரையோடு எடுத்து, நுண்ணோக்கியின் துணையால் மார்பிலுள்ள நாளங்களோடு இணைக்கின்றனர். வயிற்றுத் தசையை இயக்கும் நரம்புகள் அறுபடாது காக்கின்றனர். புற்றுநோயால் மார்பகம் இழந்த மகளிர் இதனால் மறுவாழ்வு பெறுகின்றனர். கருவிகள் மாறின, குருதியின் வழியறிந்து நடக்கும் பொறுமை மாறவில்லை.